துடுப்பெடுக்காத கடைசி ஆட்டம்

“ஓல்ரவுண்டர் எண்டால் வேற என்ன பிள்ளை, ரெண்டிலயும் அரைகுறை.” மாஸ்டர் இதைச் சொன்னது, இலங்கைப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் துடுப்பும் பிடித்துப் பந்தும் போட்ட சசிகலா சிறிவர்தனவைப் பற்றி. 2024 ஜூலை 28 அன்று தம்புள்ளையில் இலங்கைப் பெண்கள் அணி இந்தியாவை எட்டு விக்கெட்டால் வென்று ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியிருந்தது. கிளிநொச்சியில் எங்கள் கழகக் கொட்டிலில் இருந்த எல்லாருடைய வாயிலும் ஒரே பெயர்தான், சமரி அத்தபத்து. இறுதியாட்டத்தில் 61 ஓட்டம் அடித்த தலைவியைப் பற்றிக் கதைக்காமல் வேறு யாரைப் பற்றிக் கதைப்பது? அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நாலு வருசத்துக்கு முதல் ஓய்வுபெற்றுப் போன ஒருத்தியின் பெயரையும் யாராவது எடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எடுக்கவில்லை, நானே எடுத்தேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

மாஸ்டர் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஆளைச் சராசரியால் அளப்பவர். கைபேசியில் தட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்: ஒருநாள் ஆட்டங்கள் 118, ஓட்டங்கள் 2029, சதம் ஒன்றும் இல்லை, விக்கெட்டுகள் 124. இருபதுக்கு 20 இல் 81 ஆட்டம், 1097 ஓட்டம், 77 விக்கெட். “2029ஐ 118ஆல பிரிச்சுப் பார்” என்றார். ஆட்டமிழக்காத தடவைகளையும் துடுப்பெடுக்காத ஆட்டங்களையும் கழித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். கழித்தாலும் பெரிய எண் ஒன்றும் வராது. அவருடைய கணக்கில் பிழை இல்லை. பிழை இல்லாத கணக்கு ஒன்று இப்படித் தவறாகத் தெரிவது ஏன் என்பதுதான் எனக்கு இன்னும் அடங்காமல் கிடக்கிறது.

நான் கழகத்துக்குப் புள்ளி எழுதுகிறவள். அண்ணா விளையாடிய காலத்தில் ஆள் இல்லாமல் என்னைப் பிடித்து இருத்தினார்கள். அண்ணா விட்ட பிறகும் நான் விடவில்லை. பாலை மரத்துக்குக் கீழே ஒரு மேசை, நீட்டுக் கொப்பி, பென்சில், அழிறப்பர். பந்துவீச்சுப் பக்கத்தில் ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ஓட்டம் எடுபடாத பந்துக்கு அதற்குள் ஒரு குற்று. ஆறு பந்தும் குற்றாகவே விழுந்தால், மேலே மூன்று கீழே மூன்றாக இருக்கிற குற்றுகளைக் கோட்டால் தொடுத்து ஆங்கில ‘எம்’ எழுத்தாக்கிவிடுவோம். அது மெய்டன். அந்த ஓவரில் ஒரு விக்கெட்டும் விழுந்திருந்தால் ‘டபிள்யூ’ ஆக்குவோம். சனம் கைதட்டுவது நாலுக்கும் ஆறுக்கும்தான், குற்றுக்கு ஒருவரும் தட்டுவதில்லை. ஆனால் ஓவ் ஸ்பின் என்ற மெதுவான சுழற்பந்து போடுகிற ஒருத்தி நடு ஓவர்களில் ஒரு முனையை இறுக்கிப் பிடித்தால், ஓட்டம் வராமல் அந்தரப்படுகிறவள் மற்ற முனையில் போடுகிறவளைத் தூக்கி அடிக்கப் போய்ப் பிடி கொடுப்பாள். விக்கெட் அந்த மற்றவளின் பெயரில் ஏறும். கொப்பியோடு இருக்கிறவர்களுக்கு இது தெரியும். சராசரிக்குத் தெரியாது. அதோடு ஓல்ரவுண்டரின் பெயரைக் கொப்பியில் இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. வாசிக்கிறவர்களோ ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

ஏ9 திறந்திருந்தபோது

சசிகலா முதல் ஒருநாள் ஆட்டம் ஆடியது 2003 இல், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. வயது 18. எங்களுக்கு அது, வன்னியைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதி திறந்திருந்த காலம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி, பதிந்து, பொதி அவிழ்த்துக் காட்டி, திரும்ப ஏறி என்றாலும் கொழும்புச் சாமான் வந்தது, பேப்பர் வந்தது, ஜெனரேற்றர் உள்ள வீட்டில் ரீவி ஓடியது. அந்த வருசம் தென்னாபிரிக்காவில் நடந்த ஆண்களின் உலகக் கிண்ணத்தை ஒரு முற்றத்தில் அரைவாசி ஊரே குந்தியிருந்து பார்த்தது. பெண்களும் ஆடுகிறார்கள் என்பது எனக்குத் தெரிய வந்ததே சுதர்ஷினி சிவானந்தம் என்ற பெயரால்தான். அந்த அணியில் இடக்கைச் சுழல் போட்டவர். அண்ணா பேப்பரில் வாசித்துச் சொன்னபோது அம்மா அடுப்படியில் இருந்து “எங்கட பிள்ளையோ?” என்று கேட்டார். அம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். நான் அந்தச் செய்தியின் மிச்சத்தையும் வாசித்தேன், அதில் சசிகலா இருந்தார். எங்கள் வகுப்பிலும் ஒரு சசிகலா இருந்தபடியால் பெயர் உடனே ஒட்டிக்கொண்டது.

இலங்கைப் பெண்கள் கிரிக்கெட்டின் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1998 ஏப்ரலில் கொழும்பில் பாகிஸ்தானோடு ஒரு டெஸ்ட் ஆடினார்கள், வென்றார்கள். அதில் சதம் அடித்ததும் விக்கெட் சாய்த்ததும் ஒரே ஆள், சமணி செனவிரத்ன. அவரும் ஓல்ரவுண்டர்தான். அந்த நாட்களில் நாங்கள் ஜயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கைக்குத் தப்பி மல்லாவிப் பக்கம் கிடந்தோம். கொழும்பில் யார் சதம் அடித்தால் எங்களுக்கென்ன என்ற நிலை. அதற்குப் பிறகு இலங்கைப் பெண்கள் டெஸ்ட் ஆடவே இல்லை. முதல் ஆட்டத்தில் வென்ற அணிக்கு இரண்டாவது ஆட்டம் கிடைக்கவில்லை. பதினேழு வருசம் நாட்டுக்கு ஆடிய சசிகலா ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிறகு 2009. ஜூன் மாதம் இங்கிலாந்தில் பெண்களுக்கான முதலாவது இருபதுக்கு 20 உலகக் கிண்ணம் நடந்தது. இலங்கைப் பெண்கள் முதல் முறையாக அந்த வகை ஆட்டம் ஆடியது அங்கேதான், சசிகலாவின் இருபதுக்கு 20 கணக்கும் அங்கேதான் தொடங்குகிறது. திகதியைப் பார்த்தால் போர் முடிந்த மே 18 கழிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாங்கள் செட்டிகுளத்தில் மெனிக் பாம் அகதி முகாமில், தண்ணி பவுசர் எப்போது வரும் என்று வாளியோடு நின்றோம். ஆண்கள் அணி அதே மாதம் லோர்ட்ஸில் இறுதியாட்டம் வரை போய்ப் பாகிஸ்தானிடம் தோற்றது முகாமுக்குள்ளும் தெரிந்தது, ஏனென்றால் காவலுக்கு நின்றவர்களின் றேடியோ கம்பிக்கு இந்தப் பக்கமும் கேட்கும். பெண்கள் ஆடியதைக் கம்பிக்கு அந்தப் பக்கத்திலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இதை எழுதும்போது இரண்டு நினைப்பு வருகிறது. அந்த அணி எங்களுடையது என்று 2009 இல் எனக்கு ஒரு துளியும் தோன்றவில்லை. இன்றைக்கும் கொடியைப் பார்த்து எனக்கு அப்படி ஒன்றும் பொங்கி வருவதில்லை. ஆனால் ஒருத்தியின் ஆட்டத்தைப் பின்தொடர்வதற்கு அது தேவைப்படவில்லை. இதை விளங்காத சிநேகிதர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு இதைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டேன்.

ஆள் இல்லாத இடத்தில்

ஓல்ரவுண்டர் என்றதும் எல்லாருக்கும் எலிஸ் பெரி ஞாபகம் வரும். வரத்தான் வேண்டும். 2017 இல் ஆஷஸ் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 213, 2019 இல் கன்ரபரியில் இங்கிலாந்துக்கு எதிராக ஒருநாள் ஆட்டத்தில் 22 ஓட்டத்துக்கு 7 விக்கெட். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தாலே அவருக்குப் பெயர் நின்றிருக்கும். ஆனால் அவர் ஆடியது அவுஸ்திரேலியாவுக்கு. பெரி பந்துபோடாத நாளில் போட மேகன் ஷுட் இருந்தார், துடுப்பில் சறுக்கினால் தாங்க மெக் லானிங்கும் அலிஸா ஹீலியும் இருந்தார்கள். அங்கே ஓல்ரவுண்டர் என்பது ஏற்கெனவே நிறைந்திருக்கிற அணிக்கு மேலதிகமாகக் கிடைக்கிற ஒரு வசதி. இலங்கை அணியில் அது வேறு வேலை. வரம்பு உடைக்கிற பக்கமெல்லாம் மண்வெட்டியோடு ஓடுகிற வேலை. தொடக்கத்தில் இரண்டு பேர் கெதியாகப் போய்விட்டால் இறங்கி நிற்க வேண்டும், ஓட்டம் கேட்டால் அடிக்க வேண்டும், வேகப்பந்து எடுபடாவிட்டால் பந்தை வாங்க வேண்டும், பல தடவை தலைமையும் சேர்த்து. தனக்குப் பிடித்த இடம், தனக்கு வாய்ப்பான நேரம் என்று ஒன்று அமையாது. அப்படி ஆடுகிறவளுக்குச் சதம் எங்கே இருந்து வரும்?

மாஸ்டரின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு துறையில் உச்சிக்குப் போன ஆளுக்கு இரண்டு துறையில் நடுவில் நிற்கிற ஆள் ஈடாக முடியாது என்பது அவருடைய வாதம். 2017 உலகக் கிண்ணத்தில் பிரிஸ்டலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகச் சமரி ஆட்டமிழக்காமல் எடுத்த 178ஐ அவர் உதாரணமாக எடுப்பார். நான் அதே ஆட்டத்தை எனக்கு உதாரணமாக எடுப்பேன். அணியின் மொத்தம் 257. அதில் 178 ஒருவருடையது என்றால் மிச்சம் 79, உதிரிகளும் அதற்குள்தான். அவுஸ்திரேலியா இரண்டே விக்கெட்டை இழந்து அதைத் தாண்டிப் போனது. உலகமே எழுந்து நின்று கைதட்டிய ஒரு ஆட்டம், புள்ளிப் பட்டியலில் பூச்சியம். சிகரம் ஒன்று இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. மாஸ்டருக்கு அதே ஆட்டம் சமரியின் பெருமைக்குச் சாட்சி. இரண்டும் சரிதான் போலிருக்கிறது, அதுதான் இந்தப் பேச்சு முடியாமல் இழுபடுகிறது.

நான் எடுத்து வைக்கிற மற்ற உதாரணம் 2013. இந்தியாவில் நடந்த உலகக் கிண்ணம், தலைவி சசிகலா. பெப்ரவரி 1 அன்று மும்பையில் நடப்புச் சம்பியன் இங்கிலாந்தைக் கடைசிப் பந்தில் ஒரு விக்கெட்டால் வென்றார்கள். ஏஷானி கௌசல்யா கடைசிப் பந்தைத் தூக்கி ஆறுக்கு அனுப்பினார். நாலு நாள் கழித்து இந்தியாவுக்கு எதிராக 282. தீபிகா ரசங்கிகா 84, சசிகலா 59, இன்னும் இரண்டு பேர் அரைச்சதம். இந்தியா 144க்குச் சுருண்டு, சொந்த மண்ணில் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது. அந்த 282 இல் ஒரு சதமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நாலு பேர் பகிர்ந்து அடித்தது. போட்டி முடிவில் ஐந்தாம் இடம். ஐந்தாம் இடத்துக்கு ஊர்வலம் யார் எடுப்பார்கள், அதனால் அது மறக்கப்பட்டது. ஒருநாள் ஆட்டத்தில் 100 விக்கெட் எடுத்த முதல் இலங்கைப் பெண் சசிகலா என்பதும், 1000 ஓட்டத்தையும் 100 விக்கெட்டையும் சேர்த்துத் தொட்ட முதல் இலங்கைப் பெண்ணும் அவர்தான் என்பதும் அப்படித்தான் மறக்கப்பட்டன.

இதில் எங்கள் பக்கத்துக்கு உறைக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பெண்களின் உள்ளூர்ப் போட்டிகளில் நெடுங்காலமாகப் பலமாக இருந்தவை தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள். சம்பளத்தோடு பயிற்சியும் மைதானமும் அங்கேதான் கிடைத்தன. தெற்கில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஒன்று கிரிக்கெட்டை நம்பி வாழ அது ஒரு வழி. வன்னியில் இருந்து ஒரு பிள்ளைக்கு அந்த வழி எப்படித் தெரிந்திருக்கும், தெரிந்தாலும் எந்த வீட்டில் அனுப்பியிருப்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் பெண்கள் வலைப்பந்துக்கும் எல்லேக்கும் போனதற்கு ஆசை மட்டும் காரணமில்லை.

ஜங்ஷன் ஓவல்

2020 மார்ச் 2, மெல்பேர்ண், ஜங்ஷன் ஓவல். இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தில் இலங்கைக்குக் கடைசி ஆட்டம். நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, இந்தியா மூன்றிடமும் தோற்றாகிவிட்டது. எதிரே பங்களாதேஷ், அவர்களும் வெறுங்கை. இரண்டு அணிக்கும் அடுத்த சுற்று இல்லை. இப்படி ஒரு ஆட்டத்தைப் பார்க்கச் சோம்பலாகத்தான் இருக்கும். ஆனால் இந்தத் தொடரோடு விடைபெறுகிறேன் என்று சசிகலா முதலே சொல்லியிருந்தார். வயது 35. நான் வேலைக்கிடையில் கைபேசியில் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோசத்தில் பக்கத்துத் துண்டுத்தாளில் பெட்டி கீறிக் குற்றும் போட்டேன்.

பங்களாதேஷ் முதலில் துடுப்பெடுத்தது. இருபது ஓவரில் எட்டு விக்கெட்டுக்கு 91. அதில் சசிகலா போட்டது நாலு ஓவர், கொடுத்தது 16 ஓட்டம், எடுத்தது நாலு விக்கெட். ஓவ் ஸ்பின்னில் மாயம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் மெதுவாக, அடிக்கிறவள் முன்னுக்கு வருவதா பின்னுக்குப் போவதா என்று யோசிக்கிற நீளத்தில் விழுத்துவது. பதினேழு வருசமாகச் செய்த அதே வேலை. இந்த முறை விக்கெட்டுகள் மற்ற முனைக்குப் போகாமல் அவருடைய பெயரிலேயே ஏறின. பிறகு இலங்கை ஆடப் போனது. ஹசினி பெரேராவும் சமரியும் தொடங்கினார்கள். ஒரே ஒரு விக்கெட்தான் விழுந்தது, ஒன்பது விக்கெட்டால் வெற்றி. ஆட்டநாயகி சசிகலா. அந்தத் தொடரில் இலங்கை வென்ற ஒரே ஆட்டம் அதுதான்.

அவர் துடுப்பெடுக்க வேண்டியே வரவில்லை. நான் மாஸ்டருக்குச் சொல்ல முயன்று சொல்ல வராமல் போனது இதுதான். வழக்கமாக இந்த அணியில் பந்துவீசிக் களைத்து வந்து இருக்க முன்னமே இரண்டு மூன்று பேர் ஆட்டமிழந்து, ‘நீ போ’ என்று அனுப்பப்படுகிறவள் அவள். அன்றைக்கு அந்த அவசரம் இல்லை. ஓய்வுபெறுகிற ஓல்ரவுண்டர் ஒருத்தி கடைசி நாளில் வெறும் பந்துவீச்சாளராக மட்டும் இருக்க முடிந்தது, மற்ற வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆரம்பத்திலிருந்தே இப்படி ஒரு அணி வாய்த்திருந்தால் அவர் எந்த ஒன்றில் உச்சிக்குப் போயிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். பந்துவீச்சில்தான் என்று நினைக்கிறேன். அடித்துச் சொல்ல மாட்டேன்.

அந்த மைதானத்துக்கு இன்னொரு கதை இருக்கிறது. 1958 பெப்ரவரியில் அதே ஜங்ஷன் ஓவலில் பெட்டி வில்சன் என்ற அவுஸ்திரேலியப் பெண் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார். அவரும் ஓவ் ஸ்பின் போடுகிற ஓல்ரவுண்டர். அவுஸ்திரேலியா முதலில் 38க்குச் சுருண்டது, அதில் ஆகக் கூடியது அவருடைய 12. பிறகு 7 ஓட்டத்துக்கு 7 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 35க்கு முடித்தார். ஹட்ரிக்கும் அதற்குள். இரண்டாம் இனிங்ஸில் சதம், திரும்பவும் நாலு விக்கெட். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் அவர். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆண்களில் இதை முதலில் செய்த இயன் பொத்தமுக்கு 1980 வரை பிடித்தது. மாஸ்டர் இதை நம்பவில்லை, தேடிப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு “அது டெஸ்ட்” என்றார். டெஸ்டே கொடுக்கப்படாத ஒருத்தியைப் பற்றித்தான் நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

சசிகலா விடைபெற்ற ஆறாம் நாள், மார்ச் 8 அன்று, அதே நகரத்தின் பெரிய மைதானத்தில் அவுஸ்திரேலியா, இந்தியா இறுதியாட்டத்தைப் பார்க்க 86,174 பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு கொரோனா. இலங்கைப் பெண்கள் அடுத்த அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம் ஆடியது 2022 ஜனவரியில். ஏறக்குறைய இரண்டு வருசம் சும்மா இருந்தார்கள், இடையில் ஹராரேயில் நடந்த தகுதிகாண் போட்டியும் பாதியில் நின்று 2022 உலகக் கிண்ணமும் கைவிட்டுப் போனது. அந்தப் பள்ளத்தில் இருந்து ஏறி வந்துதான் 2024 கிண்ணம். அந்த இறுதியாட்டத்தில் பந்துவீச்சில் இரண்டு விக்கெட், பிறகு 16 பந்தில் ஆட்டமிழக்காமல் 30 என்று நின்று முடித்தவர் கவிஷா டில்ஹாரி. ஓவ் ஸ்பின் போடுகிற ஓல்ரவுண்டர். 2018 இல் 17 வயதில் அணிக்குள் வந்து, சசிகலாவின் கடைசிக் காலத்தில் அவரோடு சேர்ந்து ஆடியவர். மற்ற முனையில் 69 ஓட்டத்தோடு ஹர்ஷிதா சமரவிக்ரம. சமரி ஆட்டமிழந்த பிறகும் ஆட்டம் கையை விட்டுப் போகவில்லை. 2017 இல் இல்லாதது இது.

அண்ணாவின் மகளுக்கு இப்போது பதினாலு வயது. பாடசாலை அணியில் ஆடுகிறாள். “ஒண்டைத் தெரிவு செய், ரெண்டையும் பிடிச்சுக்கொண்டு நிக்காதை” என்று பழக்குகிற சேர் சொன்னாராம். போட்டி நாளில் அதே சேர் அவளை மூன்றாவதாக இறக்கி, நடு ஓவர்களையும் அவளிடமே கொடுத்தார், நேராகப் போடத் தெரிந்தவர்கள் அணியில் வேறு இல்லை. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்தவளுக்கு அந்த மார்ச் 2 புள்ளி அட்டையைக் காட்டினேன். பந்துவீச்சுப் பக்கத்தை நல்லாப் பார்த்தாள். பிறகு மேலே தேடிவிட்டு, “மாமி, இவ பற் பண்ணேல்லையே?” என்றாள்.

“தேவை வரேல்ல.”

“அப்ப பாட் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருப்பா.” கொஞ்சம் யோசித்தாள். “எங்கட ரீமில எண்டால் கட்டிக்கொண்டிருக்கவும் ஏலாது. ரெண்டு சோடிதான் கிடக்கு, அவுட்டாகி வாற ஆள் கழட்டித் தந்தால்தான்.”